பேட்டரியில் நிக்ஸி: 3.7 வோல்ட்டை 180 ஆக்கும் முழுமையான வழிகாட்டி

நிக்ஸி ட்யூபுக்கு 180 வோல்ட் வேண்டும் என்றதும் பலருக்கு அந்த 180தான் பயம் காட்டும். உண்மையில் சிரமம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஒற்றை லித்தியம் செல் தருவது 3 முதல் 4.2 வோல்ட் வரைதான். அவ்வளவு தாழ்ந்த மின்னழுத்தத்தில் ஒரு மாஸ்ஃபெட்டை முழுதாகத் திறப்பதும், அதன் வழியே ஆம்பியர் கணக்கில் மின்னோட்டத்தை வீணாக்காமல் ஓட்டுவதும்தான் இந்த வேலையின் சாரம். இது புரிந்துவிட்டால் உதிரிப்பாகங்களைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பம் இருக்காது.

ட்யூப் கேட்பது என்ன?

அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955இல் சந்தைக்குக் கொண்டுவந்த சாதனம் இது. கண்ணாடிக் குமிழுக்குள் குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு இருக்கும். எண் வடிவில் வளைத்த பத்து மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், முன்னால் வலைபோல ஓர் ஆனோடு. எந்த எண்ணை எதிர்முனையோடு இணைக்கிறோமோ அதைச் சுற்றியுள்ள வாயு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். இழை கிடையாது, சூடேற்றவும் வேண்டாம்.

இன்று எளிதில் கிடைப்பவை பெரும்பாலும் சோவியத் காலத்து ஐஎன்-12, ஐஎன்-14 வகைகள். ஐஎன்-14 பற்றவைக்க ஏறத்தாழ 170 வோல்ட் வேண்டும். பற்றியபின் ட்யூபின் மேல் 140 வோல்ட் அளவே நிற்கும். மீதியை ஆனோடு ரெசிஸ்டர் தாங்க வேண்டும். சப்ளை 180, ட்யூப் 140, ஓட வேண்டியது 2.5 மில்லி ஆம்பியர் என்றால் 40ஐ 0.0025ஆல் வகுத்தால் 16 கிலோ ஓம். இந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டால் ட்யூப் தன் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளாது, கெட்டுப்போகும். ஒவ்வொரு ட்யூபுக்கும் தனி ரெசிஸ்டர் என்பதில் சமரசமே வேண்டாம்.

முதல் படி: பவர் கணக்கு

நான்கு ட்யூப் கொண்ட ஒரு மேசைக் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். நான்குக்கும் சேர்த்து 10 மில்லி ஆம்பியர். 180 வோல்ட்டோடு பெருக்கினால் 1.8 வாட். மாற்றும்போது கால் பங்கு வீணாகும் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 2.4 வாட் எடுக்க வேண்டும். 3.7 வோல்ட்டில் அது 650 மில்லி ஆம்பியர். 2500 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட ஒரு 18650 செல் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே தாங்கும்.

ஆகவே பேட்டரி நிக்ஸி கடிகாரம் எப்போதும் எரிந்துகொண்டே இருக்க முடியாது. ஆப்பிளின் இணை நிறுவனர் ஸ்டீவ் வோஸ்னியாக் அணிந்து பிரபலமான நிக்ஸி கைக்கடிகாரமும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் எண்ணைக் காட்டும். பொத்தானோ சாய்வு சென்சாரோ இல்லாமல் வரைபடத்தைத் தொடங்காதீர்கள்.

இரண்டாம் படி: பூஸ்ட் வேண்டாம், ஃப்ளைபேக் போதும்

12 வோல்ட் அடாப்டரில் ஓடும் கடிகாரங்களில் ஒரு காயில், ஒரு ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட், ஒரு டையோடு என்று சாதாரண பூஸ்ட் சுற்று இருக்கும். அதை அப்படியே 3.7 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தால் இரண்டு இடத்தில் உதைக்கும். ஒன்று, காயிலில் மின்னோட்டம் தொடர்ந்து ஓடும்படி அமைத்தால் மாஸ்ஃபெட் ஒவ்வொரு சுழற்சியிலும் 98 சதவீத நேரம் திறந்திருக்க வேண்டும். இன்னொன்று, வெளியீட்டின் முழு 180 வோல்ட்டும் மாஸ்ஃபெட்டின் மேல் விழும். அதைத் தாங்கும் உயர் மின்னழுத்த மாஸ்ஃபெட்டுகளுக்கு கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால்தான் முழுதாகத் திறக்கும். நம்மிடம் இருப்பதோ 3 வோல்ட். அரைகுறையாகத் திறந்த மாஸ்ஃபெட் ஹீட்டராகிவிடும்.

ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. சுற்று விகிதம் 1:10 என்றால் வெளியீட்டின் 180 வோல்ட் முதன்மைப் பக்கத்தில் 18ஆகத்தான் தெரியும். பேட்டரியின் 4.2ஐக் கூட்டினால் மாஸ்ஃபெட் தாங்க வேண்டியது 22 வோல்ட்டும், கசிவு இண்டக்டன்ஸால் எழும் ஊசிமுனைத் துடிப்பும்தான். 40 அல்லது 60 வோல்ட் மாஸ்ஃபெட் போதும். டேட்டாஷீட்டில் ஆன்-ரெசிஸ்டன்ஸ் 2.5 வோல்ட் கேட் மின்னழுத்தத்திலும் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மட்டும் போட்டிருந்தால் அது நமக்கானதல்ல. ஊசித் துடிப்பை அடக்க மாஸ்ஃபெட்டின் குறுக்கே ஒரு சிறு ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஸ்னப்பர் வையுங்கள்.

மூன்றாம் படி: டிரான்ஸ்ஃபார்மரும் கன்ட்ரோலரும்

நிக்ஸிக்காரர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் மேக்ஸ்1771 கன்ட்ரோலர் சிப் இங்கும் பொருந்தும். 2 வோல்ட்டிலிருந்து இயங்கும், ஷட்டவுன் காலும் உண்டு. மின்னோட்டம் ஓர் உச்சத்தைத் தொட்டதும் மாஸ்ஃபெட்டை மூடி, குறைந்தது 2.3 மைக்ரோ விநாடி காத்திருந்து, தேவைப்பட்டால் மறுபடி திறக்கும்.

முதன்மைச் சுற்றின் இண்டக்டன்ஸை 10 மைக்ரோ ஹென்றி என்று வைப்போம். மாஸ்ஃபெட்டின் மின்னோட்டத்தை அளக்கும் உணர் ரெசிஸ்டர் 40 மில்லி ஓம். 100 மில்லி வோல்ட் வந்ததும் சிப் நிறுத்தும் என்பதால் உச்ச மின்னோட்டம் 2.5 ஆம்பியர். பேட்டரி 3.3 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில் அந்த உச்சத்தை எட்ட 7.6 மைக்ரோ விநாடி ஆகும், காத்திருப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 10. விநாடிக்கு லட்சம் சுழற்சி, ஒவ்வொன்றிலும் 31 மைக்ரோ ஜூல். மொத்தம் 3.1 வாட். நமக்கு வேண்டிய 2.4ஐவிட அதிகம், செல் தளர்ந்த பிறகும் எண்கள் மங்காது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது சாச்சுரேஷன் மின்னோட்டம் 3 ஆம்பியருக்கு மேல் இருக்கட்டும். இந்த ஓர் எண்ணைப் பார்க்காமல் வாங்கினால் மற்ற எல்லாக் கணக்கும் பாழ்.

டையோடு வேகமானதாக இருக்க வேண்டும். யூஎஃப்4007 அல்லது இஎஸ்1ஜே சரி. பெயர் ஒத்திருக்கிறதே என்று 1என்4007ஐப் போடாதீர்கள். அது மெயின்ஸின் 50 ஹெர்ட்ஸுக்கானது, இந்த வேகத்தில் மூடிக்கொள்ளவே அதற்கு நேரம் போதாது.

நான்காம் படி: ஃபீட்பேக்

சிப்பின் குறிப்பு மின்னழுத்தம் 1.5 வோல்ட். 180ஐ அதற்கு இறக்க இரண்டு ரெசிஸ்டர் வேண்டும். மேலே 1.2 மெகா ஓம், கீழே 10 கிலோ ஓம் என்று போட்டால் கணக்கு சரியாக வரும், ஆனால் அந்தப் பிரிப்பான் மட்டுமே 27 மில்லி வாட்டைத் தின்னும். பேட்டரிப் பக்கத்தில் அது சுமார் 10 மில்லி ஆம்பியர்! மேலே 4.5 மெகா ஓம் ஆக்கினால் அது 2.6 மில்லி ஆம்பியராகக் குறையும்.

அந்த 4.5ஐ ஒற்றை ரெசிஸ்டராகப் போட வேண்டாம். 1206 அளவு சிப் ரெசிஸ்டரின் தாங்குதிறன் பொதுவாக 200 வோல்ட், 0805க்கு 150தான். 1.5 மெகா ஓம் மூன்றைத் தொடராக வைத்தால் ஆளுக்கு 60 வோல்ட். கீழே 36 கிலோ ஓமும் அதனோடு தொடராக 5 கிலோ ஓம் டிரிம்மரும். 166 முதல் 189 வோல்ட் வரை திருகிக்கொள்ளலாம். டிரிம்மர் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அதன் தொடர்பு விட்டுப்போனால் ஃபீட்பேக் உயர்ந்து வெளியீடு தணியும். மேல்பக்கத்தில் விட்டுப்போனால் சிப் வெளியீட்டை ஏற்றிக்கொண்டே போய் கெப்பாசிட்டரை வெடிக்கவைக்கும். அதற்கும் காவலாக வெளியீட்டின் குறுக்கே ஒரு பி4கேஇ200 டிவிஎஸ் டையோடு போட்டுவிடுங்கள்.

வெளியீட்டுக் கெப்பாசிட்டர் 2.2 மைக்ரோ ஃபேரட், 250 வோல்ட். சுவிட்சை அணைத்தபின் அது பிரிப்பான் வழியே 30 வோல்ட்டுக்கு இறங்க 20 விநாடி அளவு ஆகும். அந்த நேரம் முடியும்வரை பலகையில் விரல் வைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: பலகை

பேட்டரிப் பக்கக் கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மை, மாஸ்ஃபெட், உணர் ரெசிஸ்டர் நான்கும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கட்டும். ஆம்பியர்கள் சுழலும் வளையம் அதுதான், சிறிதாக இருந்தால்தான் இரைச்சல் குறையும். ஃபீட்பேக் தடம் அதிலிருந்து விலகிப் போகட்டும். 180 வோல்ட் தடத்தைச் சுற்றி 2 மில்லி மீட்டர் இடைவெளி விடுங்கள். செல்லுக்குப் பாதுகாப்புச் சுற்று கட்டாயம்.

ஆறாம் படி: ட்யூப் இல்லாமல் சோதனை

முதலில் ட்யூபை மாட்டாதீர்கள். 18 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வெளியீட்டில் இணையுங்கள், அதுவே 10 மில்லி ஆம்பியர் சுமை. செல்லுக்குப் பதிலாக மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பெஞ்ச் சப்ளையிலிருந்து 3.7 வோல்ட் கொடுத்து, மல்டிமீட்டரில் 180 வரும்வரை டிரிம்மரைத் திருகுங்கள். ஒரு கையாலேயே வேலை செய்யுங்கள்.

உள்ளீடு 650 மில்லி ஆம்பியர் அருகே இருந்தால் வடிவமைப்பு தேறிவிட்டது. 900 காட்டினால் செயல்திறன் 54 சதவீதம்தான். ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்து, மீட்டரில் வோல்ட் இறங்கியதை உறுதிசெய்தபின் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பாருங்கள். மாஸ்ஃபெட் சுட்டால் கேட் மின்னழுத்தம் போதவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் சுட்டால் அது சாச்சுரேஷனைத் தொடுகிறது. டையோடு சுட்டால் வேகமான ஒன்றை மாற்றுங்கள். ஸ்னப்பர் ரெசிஸ்டர் மட்டும் சுட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் கசிவு அதிகம், இரண்டு சுற்றுகளும் நெருக்கமாகச் சுற்றப்பட்ட வேறொன்றைத் தேட வேண்டியதுதான்.