மழையோடு போகும் மண்: நாமே கணக்குப் பார்க்கலாம்



பெருமழை பெய்த மறுநாள் மலைக்குப் போகும்போது கானைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் செம்மண் குழம்பாக ஓடும். "மழை பேஞ்சா மண்ணு போகத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு நிரைக்குப் போய்விடுகிறோம். ஆனால் ஒரே மழைதான், பக்கத்துப் பக்கத்து மலைதான். ஒன்றில் கான் கலங்கலாக ஓடுகிறது, மற்றதில் ஓரளவு தெளிவாக ஓடுகிறது. ஏன்? மண் போனால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் கிலோ குறையும். ஆகவே இது துரைமாருடைய கணக்கு மட்டும் அல்ல.

வயதான ஒரு கங்காணியிடம் இதைப் பற்றிப் பேசியபோது, ஒரு பழைய விதைத் தேயிலைச் செடியைக் காட்டினார். "ஐயா, நான் பெரட்டுக்கு வந்த புதுசுல இந்த வேரெல்லாம் மண்ணுக்குள்ள இருந்திச்சுங்க. இப்ப பாருங்க, கோழிக்கால் மாதிரி நிக்குது" என்றார். நல்ல அளவுகோல் அதுதான். நட்டபோது மண்மட்டத்தில் இருந்த அடிக்கட்டை இப்போது ஆறு அங்குலம் வெளியே நிற்கிறது, செடிக்கு வயது நூறு என்று வைத்துக்கொள்வோம். ஆறு அங்குலம் என்பது 150 மில்லிமீற்றர். வருடத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றர்தான். ஆனால் ஒரு ஹெக்டயரில், அதாவது இரண்டரை ஏக்கரில், ஒரு மில்லிமீற்றர் மண் ஏறத்தாழ 12 தொன் நிறை. அப்படியானால் வருடத்துக்கு 18 தொன்! கண்ணுக்குத் தெரியாமல் போவதால்தான் நாம் கவலைப்படுவதில்லை.

நம் மலைநாட்டில் அளந்தவர்கள் கண்டதும் இதுதான். பாதுகாப்பு ஏதும் இல்லாத பழைய விதைத் தேயிலையில் வருடம் ஹெக்டயருக்கு 40 தொன் அளவில் மண் போயிருக்கிறது. நன்றாக மூடி வளர்ந்த, கான் வெட்டிப் பராமரித்த புதுத் தேயிலையில் ஒரு தொன் கூடப் போகவில்லை.

இதை முன்கூட்டியே மதிப்பிட ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் வீஷ்மயர், ஸ்மித் என்ற இருவர் 1965 இல் வெளியிட்டது. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, மண்மேல் உள்ள மூடாக்கு, பாதுகாப்பு வேலை ஆகிய ஆறையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். ஒன்று சிறியதானால் மொத்த விடையுமே சிறியதாகும். மழையையும் மலையின் செங்குத்தையும் நம்மால் மாற்ற முடியாது. ஆனால் வெறும் மண்ணுக்கு மூடாக்கு எண் 1 என்றால், அடர்ந்து மூடிய செடிக்கு அதில் சிறு பங்குதான். சரிவின் நீளமும் நம் கையில் இருக்கிறது. நூறு மீற்றர் சரிவில் இருபது மீற்றருக்கு ஒரு கான் குறுக்கே வெட்டினால் மண்போக்கு பாதிக்கும் கீழே இறங்கும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இந்தக் கணக்கு அந்த நாட்டின் மெல்லிய சரிவு வயல்களை வைத்துப் போட்டது. நம் செங்குத்து மலைகளுக்கு விடையை அப்படியே நம்பாமல், ஒரு மலையை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துவது நல்லது.

கணக்கு வேண்டாம் என்றால் கம்பி போதும். இரண்டடி இரும்புக் கம்பியைப் பாதி மண்ணுக்குள் அடித்து, மண்மட்டத்தில் பெயின்ற் கோடு போடுங்கள். வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் பத்து, செடி மூடிய இடத்தில் பத்து. மே மாத மழைக்கு முன்னால் அடித்து, ஒக்டோபரில் கோட்டுக்கும் மண்ணுக்கும் உள்ள இடைவெளியை அளவுங்கள். சில கம்பியில் மண் ஏறியும் இருக்கும். மேலேயிருந்து வந்து தங்கிய மண் அது, அதைக் கழித்துச் சராசரி எடுங்கள்.

மலையில் பெயர்ந்த மண் எல்லாம் ஆற்றுக்குப் போவதில்லை. ஒரு பங்கு சரிவின் அடியிலும் கானிலும் தங்கும். மிச்சம் ஓடையோடு போகும். தலவாக்கலைப் பக்கத்து மண் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்கு, மஸ்கெலியாப் பக்கத்து மண் களனிக்கு. 1976 இல் கட்டி முடித்த பொல்கொல்லை அணைக்கட்டின் நீர்த்தேக்கம் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் நாற்பது வீதத்துக்கு மேல் மண்ணால் தூர்ந்துபோனது. அதற்குத் தேயிலை மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயம் இல்லை. ரோட்டோரம் வெட்டிய மண், புகையிலைத் தோட்டம், மரக்கறித் தோட்டம் எல்லாம் சேர்ந்ததுதான். லயத்துக்குப் பின்னால் சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டு நாம் நடுகிற கரட்டும் அதில் சேர்த்தி. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட அரைநாள் கூட வேலைதான், ஆனால் உரம் நம் பாத்தியிலேயே நிற்கும்.

கவ்வாத்து முடிந்ததும் மிலாறை விறகுக்கு எடுக்கத்தான் வேண்டும், அடுப்பு எரிய வேண்டுமே. இலையையும் சிறு குச்சியையும் அந்த இடத்திலேயே உதிர்த்துவிட்டுத் தடிக்குச்சியை மட்டும் கட்டுங்கள். கவ்வாத்து வெட்டிய மலைதான் மழைக்கு ஆகப் பலவீனமானது. புல்லைச் சுரண்டியால் செதுக்கினால் மேல்மண் இளகி முதல் மழையிலேயே போய்விடும், கையால் பிடுங்குவது மேல். கான் குழியில் நிற்கும் வண்டலை அள்ளும்போது கானுக்குக் கீழ்ப்பக்கம் போடாமல் மேற்பக்கச் செடிகளின் அடியில் போடச் சொல்லி கங்காணியிடம் கேளுங்கள். எத்தனை கூடை அள்ளினோம் என்று மலை நம்பரோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், அடுத்த வருடம் அதே குழியில் எத்தனை கூடை என்று ஒப்பிடலாம்.