மலைநடையும் இரத்த அழுத்தமும்

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் என்னும் பாறைமுனைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை, மரவேர்களே படிகளாய் அமைந்த செங்குத்தான வழியாகும். அதற்கப்பால் உள்ள வெள்ளகவிக்குப் பல தலைமுறைகளாகத் தலைச்சுமையாலும் குதிரைகளாலுமே பொருள்கள் சென்றன. இத்தகைய வழிகளில் நடந்து முதிர்ந்தவர் என் பாட்டனார். சென்ற கோடை விடுமுறையில் யான் அவரிடம் சென்றிருந்தபோது, வைத்தியர் கொடுத்த இரத்த அழுத்த மாத்திரைகளை மூன்று திங்களாக அவர் தொடவேயில்லை என அறிந்து திடுக்கிட்டேன். காரணம் வினவியபோது, "நாள் தவறாமல் மலையேறி இறங்குகிறவனுக்கு மாத்திரை எதற்கடா?" என்றார். எனக்கு விடை கூறத் தெரியவில்லை. அவ்விடையைத் தேடிக் கற்றவற்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

இதயம் உந்தும் இரத்தம் நாடிகளின் சுவரைத் தாக்கும் விசையே இரத்த அழுத்தம் எனப்படும். ஸ்டீவன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலக் குருவானவர், குதிரையின் நாடியில் கண்ணாடிக் குழலைப் பொருத்தி, அதில் இரத்தம் ஏறிய உயரத்தை அளந்து, 1733-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1896-இல் இத்தாலிய வைத்தியர் ரிவா ரொச்சி, கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பையைக் கொண்டு அளக்கும் கருவியை அமைத்தார். 1905-இல் ருஷிய வைத்தியர் கொரட்காவ், அக்கட்டின் கீழ் எழும் ஒலியைக் கேட்டு மேலளவு, கீழளவு ஆகிய இரண்டையும் அறியும் முறையைக் கண்டார். இதயம் சுருங்கும்போது தோன்றுவது மேலளவு. விரியும்போது நிற்பது கீழளவு. வெவ்வேறு நாள்களில் அளந்தும் மேலளவு 140 பாதரச மில்லிமீட்டருக்கோ, கீழளவு 90-க்கோ குறையாதிருப்பின் அதனை மிகை இரத்த அழுத்தம் என்பர். இந்நோய் பெரும்பாலும் வலியோடு வருவதன்று. பல்லாண்டு வாளா இருந்து, பின்னர் மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. உடல்வலிமையை மட்டும் கண்டு நோயில்லை எனத் துணிதல் ஆகாமைக்கு இதுவே காரணம்.

இனித் தேகப் பயிற்சியை மூவகையாகப் பகுத்துக் காண்போம்.

முதலாவது இயங்கு பயிற்சி. நடை, ஓட்டம், நீந்தல், மிதிவண்டி செலுத்தல் முதலியன இதன்பாற்படும். இவற்றைச் செய்யும்போது மேலளவு உயர்தல் இயல்பே. ஓய்ந்தபின் சில மணி நேரம் அது முன்னிருந்ததினும் தாழ்ந்து நிற்கும். நாள்தோறும் பயில்வார்க்கு நாடிகள் நெகிழ்ச்சி பெறும். அவற்றை இறுக்கும் நரம்புகளின் முனைப்பும் தணியும்.

இரண்டாவது சுமைப் பயிற்சி. இதுவும் முறையாகப் பயின்றால் அழுத்தத்தைத் தணிப்பதே. ஆயினும் மூச்சை அடக்கிப் பெரும்பளுவை உந்துங்கால் நேரும் உயர்வு அச்சந் தருவது. 1985-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், இரு கால்களாலும் பெரும்பளுவை உந்திய பயில்வான்களுக்கு அழுத்தம் சராசரியாக 320/250 வரை ஏறியது. ஆகலின், பளுவைத் தூக்கும்போது மூச்சை அடக்காது வெளிவிடுதல் வேண்டும். இது மூட்டை சுமப்பார்க்கும் உரியதே.

மூன்றாவது நிலைப் பயிற்சி. உறுப்பு அசையாதிருக்கத் தசை மட்டும் இறுகி நிற்பது இது. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்ந்தாற்போல முழங்காலை மடக்கி நிற்றல் இதற்கு உதாரணம். இரண்டு நிமிடம் நின்று, சிறிது ஓய்ந்து, இவ்வாறு நான்கு முறை, வாரத்தில் மூன்று நாள் செய்வர். இறுகிய தசை நாடிகளை நெருக்குகின்றது. தளர்த்தியவுடன் இரத்தம் விரைந்து பாய, நாடியின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் பொருளை வெளியிட்டு நாடியை விரியச் செய்கின்றது என்று அறிஞர் கருதுவர்.

இவற்றுள் எது சிறந்தது? 2023-இல் ஆங்கில விளையாட்டு மருத்துவ இதழொன்று, 270 சோதனைகளையும் அவற்றிற் பங்குகொண்ட 15,827 பேரையும் தொகுத்தாராய்ந்த கட்டுரையை வெளியிட்டது. அதன்படி மேலளவு இயங்கு பயிற்சியால் ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டரும், சுமைப் பயிற்சியால் அவ்வளவும், இரண்டையும் சேர்த்துப் பயில்வதால் 6 மில்லிமீட்டரும், நிலைப் பயிற்சியால் 8 மில்லிமீட்டரும் குறைந்தது. நிலைப் பயிற்சியே முதலிடம் பெற்றதாயினும், அதனைப் பற்றிய சோதனைகள் நடை, ஓட்டம் பற்றியவற்றினும் மிகச் சிலவே. மேலும், நடையானது உடற்பருமனுக்கும் நீரிழிவுக்கும் செய்யும் நன்மை வேறு. ஆகவே ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொள்ளுதலினும், இரண்டையும் கொள்ளுதலே அறிவுடைமையாம்.

இப்பொழுது என் பாட்டனாரின் வினாவிற்கு வருவோம். அன்று அவரது அழுத்தம் 168/98 இருந்தது. அது வீட்டில் வாளா அமர்ந்திருந்தவரின் அளவன்று. நாள்தோறும் மலையேறி இறங்குபவரின் அளவு. அஃதாவது, நடையால் வரத்தக்க நன்மை அவ்வளவினுள் முன்னரே அடங்கிவிட்டது. நடையில்லாவிடில் இன்னும் மிகுந்திருத்தல் கூடும். நடை தணித்தது போக எஞ்சி நின்ற அழுத்தத்தைத் தணிக்கவே மாத்திரை வேண்டியிருந்தது. நடையும் மருந்தும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒரே நுகத்திற் பூட்டிய இரண்டு எருதுகள். இதனைக் கூறியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் நடந்ததும் வீண்போகவில்லை" என்றார். மறுநாட் காலை என்னுடன் வைத்தியரிடம் வந்தார்.

வைத்தியர் மருந்தைத் திரும்பத் தொடங்கியதோடு, ஊறுகாயையும் கருவாட்டையும் குறைக்கச் சொன்னார். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக இருத்தல் வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கொள்கை. பேச இயலும், பாட இயலாது என்னும் அளவான வேகத்தில் வாரத்திற்கு 150 நிமிடமேனும் நடக்க வேண்டுமென்பதும் அந்நிறுவனத்தின் உரையே. பயிற்சியை நிறுத்தின் சில வாரங்களில் அதன் பயனும் நீங்கும். மேலளவு 180-க்கு மேற்பட்டோரும், நடக்கையில் மார்பு வலிப்போரும் வைத்தியரைக் காணாது எப்பயிற்சியும் தொடங்கலாகாது.

மாணவ நண்பர்களே! 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்கு முப்பத்தைவருக்கு இந்நோய் உண்டெனக் கூறுகின்றது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால் மருந்து வீட்டு வாயிலுக்கே வருகின்றது. வந்த மருந்து பெட்டியில் உறங்காதபடி பார்த்தல் வீட்டாரின் கடன். அடுத்த விடுமுறையில் உங்கள் பெரியோரிடம், "கடைசியாக எப்பொழுது அளந்தீர்கள்?" என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டபின் அவரோடு சிறிது தொலைவு நடந்தும் வாருங்கள்.