கட்டாமலும் அடிக்காமலும்

குற்றாலச் சாரற்காலத்தில் தென்காசிச் சாலைகளில் கூட்டம் பெருகுங்கால், வீட்டு நாய் வருவோர்மீது சீறுவதைக் காண்கிறோம். பெரும்பாலும் அது அச்சமே. அடித்தால் அச்சம் மிகும். கட்டுதல், அடித்தல், உணவு மறுத்தல் ஆகியவற்றைத் தத்வார்த்த சூத்திரம் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் வைத்துள்ளதைச் சிராவகராகிய நாம் அறிவோம்.

அயலார் கண்ணிற்பட்டும் நாய் குரைக்காத தொலைவில் முதலில் நிற்போம். அவர் தோன்றியதும் ஓர் இட்லித் துண்டு, மறைந்ததும் நிறுத்திவிடுவோம். தோற்றம் முந்த, உணவு பிந்த வேண்டும். முறை மாறினால் பயனில்லை. (இவ்விணைப்பை ஆராய்ந்த ருஷ்ய அறிஞர் பாவ்லோவ் நாய்களை அறுத்தே கற்றார், அவ்வழி நமக்கு வேண்டா.) பன்னாட் பயிற்சியில், அயலாரைக் கண்டதும் அது நம் முகம் நோக்கும், அப்போது சில அடிகள் நெருங்கலாம். குரைத்தால் வையாது பின்வாங்குவோம். இராஜபாளையம் போன்ற காவலினங்களுக்கு மாதங்கள் பல ஆகலாம்.