காரைப் பள்ளத்தில் கிடைத்த பல்

கேள்வி: பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டிய களிமண் பள்ளங்களில், மழை விட்ட மறுநாள் இந்தப் பல் என் மகனுக்குக் கிடைத்தது. நீளம் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். 'மெகலோடான் குட்டியோட பல்லு' என்று சாதிக்கிறான். படங்கள் இணைத்திருக்கிறேன். இது எந்தச் சுறாவுடையது?
- ஒரு வாசகி, பெரம்பலூர்

பதில்: மகனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், மெகலோடான் இல்லை. பல்லைப் பார்க்காமலேயே இதைச் சொல்லிவிடலாம். காரையின் களிமண், கிரிட்டேசியஸ் காலத்துக் கடலடியில் படிந்தது. வயது ஏறத்தாழ 9 முதல் 11 கோடி ஆண்டு. மெகலோடான் தலைகாட்டியதே சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். சுறாப்பல் என்று யார் கொண்டுவந்தாலும் 'எந்த ஊர், எந்த மண்' என்றுதான் முதலில் கேட்பேன். ஊர் தெரியாமல் விலைக்கு வாங்கிய பல் என்றால் பாதி விவரம் கடையிலேயே தொலைந்துவிட்டது என்று அர்த்தம். நிறத்தை வைத்தும் ஏமாற வேண்டாம். பழுப்போ கறுப்போ, அது புதைந்திருந்த மண்ணின் தாதுக்கள் ஏற்றிய நிறம்.

இனி உங்கள் பல். நடு முக்கோணத்தின் இருபுறமும் ஒவ்வொரு குட்டி முனை நிற்கிறதே, அதுதான் முக்கியமான தடயம். ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: மழமழவென்று இருக்கிறது, ரம்பப் பற்கள் இல்லை. அதே காலத்து ஸ்குவாலிகோராக்ஸின் பல் என்றால் பெரும்பாலும் ஓரம் ரம்பமாக இருக்கும், முனை ஒருபக்கம் சாய்ந்திருக்கும், இந்தக் குட்டி முனைகளும் இருக்காது. சிப்பி நொறுக்கித் தின்ற டைக்கோடஸின் பல்லோ, மேலே வரிவரியாக மேடுகள் ஓடும் கட்டை. ஆக, இரண்டும் இல்லை.

மணற்சுறா வகைகளுக்கும் பக்க முனைகள் உண்டு என்பதால் வேரையும் பார்க்க வேண்டும். அவற்றின் முன்பற்கள் ஒல்லியாக, ஊசிபோல நீண்டிருக்கும். வேரின் உட்பக்கத்தில் நடுவே ஒரு பள்ளக் கோடு ஓடும். உங்கள் பல்லில் அந்தக் கோடு தெரியவில்லை. பக்க முனைகளும் ஊசியாக இல்லாமல் அகன்ற முக்கோணங்களாக இருக்கின்றன. இது கிரிட்டாலாம்னா என்ற பேரினம் என்று துணிந்து சொல்வேன்.

அதற்குமேல் சிற்றினப் பெயர் கேட்டால் நிறுத்திக்கொள்கிறேன். லூயி அகாசி 1843-இல் பெயர் சூட்டிய 'அப்பெண்டிகுலாட்டா' என்ற சிற்றினத்தில்தான் உலகெங்கும் கிடைத்த இந்தச் சாயல் பற்களை எல்லாம் வெகுகாலம் போட்டுவந்தார்கள். 2015-இல் வந்த ஓர் ஆய்வு, அது பல சிற்றினங்களின் கூட்டம் என்று பிரித்துக் காட்டியது. அந்த வேறுபாடுகள் ஒற்றைப் பல்லில் பிடிபடாது. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு. அது மக்கிப்போக, பற்கள் மட்டும் சிதறிக் கிடைக்கின்றன. ஒரே வாயில் முன்பல் நிமிர்ந்தும், கடைவாய்ப் பக்கத்துப் பல் குட்டையாகச் சாய்ந்தும் இருக்கும். இதை மறந்து, ஒரே மீனுக்கு நாலு பெயர் வைத்தவர்கள் உண்டு!

மகனுக்கு ஆறுதல் வேண்டுமா? மெகலோடானை இன்று பலர் சேர்க்கும் குடும்பம் ஒட்டோடோன்டிடே. கிரிட்டாலாம்னாவும் அதே குடும்பம். அந்த வழியில்தான் பின்னாளைய ராட்சதச் சுறாக்கள் வந்தன என்பது பரவலான கருத்து. அவன் கையில் இருப்பது மெகலோடானின் கொள்ளுப்பாட்டன் வகையறாவின் பல்.

நம் பக்கத்துச் சுறாப்பற்களுக்கு ஆராய்ச்சி வரலாறும் நீளம். புதுச்சேரிப் பகுதியில் கேய், கன்லிஃப் என்ற இருவர் திரட்டிய மீன் எச்சங்களை 1845-இலேயே லண்டனில் எகர்டன் விவரித்து எழுதினார்.

பல்லை எலுமிச்சையோ வினிகரோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அது பாஸ்பேட், அமிலம் அரித்துவிடும். வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கிடைத்த இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறித்து, அந்தக் குறிப்பைப் பல்லோடு ஒரே டப்பாவில் வையுங்கள். அரியலூர் பக்கம் வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை எடுத்துப் போய்க் காட்டுங்கள். எனக்கு இன்னொரு படம் அனுப்புவதானால், வேரின் உட்பக்கம் முழுதும் தெரியும்படி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். இப்போது அனுப்பியதில் மகனின் கட்டைவிரல் வேரின் ஓர் ஓரத்தை மறைக்கிறது.