முகத்துக்கு என்ன பூசுகிறோம்? – தோல் பராமரிப்பும் முக மசாஜும்



இம்முறை பாடத்துக்கு முகத்தோலை எடுத்துக்கொண்டோம். இதற்குக் காரணம் இரண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று அழகுக்கலை படிக்கப் போகிறார்கள். அவர்கள் படிப்பது என்னவென்று வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தது, “ஏழே நாளில் வெள்ளை” என்று சொல்லி விற்கும் கிறீம் டப்பா லயத்துக்குள்ளும் வந்துவிட்டது. அதைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க எம்மால் முடியாது.

கீரியும் மலையும்

மன்னார்த் தீவில் கீரி என்றொரு கடற்கரை உண்டு. எமது பாட்டன் பூட்டன்மார் பலர் கப்பலால் இறங்கிய தலைமன்னாரும் அதே தீவில்தான் இருக்கிறது. 1914 தொடக்கம் 1964 புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. அந்தத் தீவின் வெயிலை முதலில் முகத்தில் வாங்கித்தான் அவர்கள் மலையேறினார்கள்.

கீரியில் வெயில் கொளுத்தும் என்று யாரும் சொல்வார்கள். மலையிலோ, “குளிராத்தானே இருக்கு, இங்க வெயில் எங்க சுடுது?” என்போம். சூட்டை வைத்து வெயிலை அளக்கக் கூடாது. தோலைக் கருக்குவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். 1,000 மீற்றர் உயரம் ஏறினால் அது ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே வானம் தெளிந்த நாளில் அங்கே கொழுந்தெடுக்கும் பெண்ணின் முகத்தில் விழும் கதிர், கடல் மட்டத்தில் விழுவதை விட ஐந்தில் ஒரு பங்கு வரை கூட இருக்கலாம். மெல்லிய மேகமும் அதைத் தடுக்காது. கீரியில் வேறொரு தொல்லை. காய்ந்த மணல் ஏறத்தாழ 15 சதவீதத்தையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி முகத்தில் அடிக்கும். மீன் காயவைக்கும் தாய்க்கும் மலையில் நிற்கும் தாய்க்கும் தேவைப்படும் பாதுகாப்பு ஒன்றுதான்.

தோல் ஒரு சுவர்

மேற்தோல், உட்தோல், அதன் கீழே கொழுப்புப் படை என்று தோலுக்கு மூன்று படைகள். மேற்தோல் சுமார் நான்கு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதிலுள்ள மெலனின் என்ற நிறப்பொருள்தான் எமது கறுப்பு நிறத்தைத் தருகிறது. அந்த மெலனின் வெயிலுக்கு எதிராகத் தோல் தானே பிடிக்கும் குடை. கறுப்பு ஒரு நோயில்லை, மருந்து தேடி அலைய வேண்டிய குறையுமில்லை.

பூசக் கூடியவை

1. சவர்க்காரம்: உடுப்புச் சவர்க்காரத்தை முகத்தில் போடாதீர்கள். அதன் காரம் தோலின் எண்ணெய்ப் பசையை உரித்துவிடும். மென்மையான சவர்க்காரத்தால் நாளுக்கு இரண்டு தரம் கழுவினால் போதும்.

2. கிளிசரின்: தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள். கழுவிய முகத்தில் ஈரம் இருக்கும்போதே, கிளிசரின் சேர்ந்த கிறீமைப் பூச வேண்டும்.

3. பெட்ரோலியம் ஜெலி: ஈரம் வெளியேறாமல் மூடி போடும். பனிக்காலத்தில் வெடித்த உதட்டுக்கும் கைக்கும் மலிவான நல்ல மருந்து. தேங்காயெண்ணெயும் இதே வேலையைச் செய்யும். ஆனால் பரு உள்ள முகத்தில் எண்ணெய் வேண்டாம்.

4. வெயில் தடுக்கும் கிறீம்: சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டையொக்சைட் என்பவை கதிரைத் தடுக்கும் பொருட்கள். 30 அல்லது அதற்கு மேல் எண் போட்டதை வாங்கி, வெளியில் நிற்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பூச வேண்டும். வாங்க வசதியில்லாவிட்டால் அகன்ற தொப்பியும் தலைத்துண்டும் பெரிய உதவி செய்யும்.

5. கற்றாழை: வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைப் போகவிட்டு, கழுவி, உள்ளிருக்கும் கண்ணாடிச் சதையை மட்டும் எடுங்கள்.

எதையும் முதலில் முழங்கையின் உட்பக்கம் சிறிது பூசி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள். தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போகவே கூடாது. சாறும் வெயிலும் சேர்ந்து தோலைப் புண்ணாக்கி, கருந்தழும்பை விட்டுவிடும்.

பூசக் கூடாதவை

வெளுக்க வைக்கும் சில கிறீம்களில் பாதரசம் கலக்கிறார்கள். அது மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் முகம் வெளுத்தது போலத் தெரியும். ஆனால் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். துவாயிலும் தலையணையிலும் ஒட்டி, அதைப் பூசாத குழந்தைக்கும் போய்ச் சேரும்.

ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில், தொழிற்சாலையிலிருந்து கடலில் கலந்த வேறொரு வகைப் பாதரசம் மீன் வழியே மக்களை முடமாக்கியது 1956இல் தெரியவந்தது. அந்த ஊரின் பெயரால் 2013இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. இலங்கையும் 2017இல் அதில் சேர்ந்தது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் சேர்ந்த அழகுக் கிறீம்களை 2020உடன் நிறுத்த வேண்டும் என்று அது சொன்னது. 2023இல் கூடியபோது, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவும் 2025க்குப் பின் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஆனாலும் கள்ளச் சரக்கு கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிப்பது எப்படி? பெட்டியைப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மேர்க்குரி, மேர்க்குரஸ், மேர்க்குரிக், கலோமெல் என்ற சொற்கள் எல்லாம் பாதரசத்தைக் குறிப்பவை. “தங்க, வெள்ளி நகையில் பட விடாதீர்கள்” என்று எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். என்ன சேர்ந்திருக்கிறது, யார் செய்தது என்று எழுதாத டப்பாவை வாங்கவே வேண்டாம்.

பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்பவை ஸ்டீரொய்ட் மருந்துகள். வைத்தியர் எழுதித் தந்தால், அவர் சொன்ன நாளுக்கு மட்டும் பூசலாம். அழகுக் கிறீமாக மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு தெரியும், பரு வரும், முடியும் முளைக்கும். நிறுத்தினால் முகம் எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். இப்படியே அதற்கு அடிமையாகிவிடுகிறார்கள்.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்பட வேண்டாம். டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் போங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். டப்பாவை அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள். பாதரச ஆவி வீடெல்லாம் பரவும்.

முக மசாஜ்

மசாஜ் முகத்தை வெளுக்க வைக்காது. இறுகிய தசையைத் தளர்த்தும், மனதுக்கு இதம் தரும். கூடைக் கயிறு அழுத்தும் நெற்றிக்கும் கழுத்துக்கும் நல்ல ஆறுதல். பயிற்சி நிலையத்தில் பிரெஞ்சுப் பெயர்களைச் சொல்லித் தருவார்கள். எஃப்ளூராஜ் என்றால் தடவுதல், பெட்ரிசாஜ் என்றால் பிசைதல், டாப்போட்மென்ட் என்றால் தட்டுதல்.

– நகம் வெட்டி, கை கழுவி, முடியைக் கட்டி, முகத்தைச் சுத்தம் செய்யுங்கள்.
– சில துளி எண்ணெயோ கிறீமோ போதும். உலர்ந்த தோலை இழுக்கக் கூடாது.
– கழுத்திலிருந்து மேல்நோக்கி மெல்லத் தடவுங்கள். தொண்டைக் குழியை அழுத்தாதீர்கள்.
– நாடியிலிருந்து காதுப்பக்கம், மூக்கோரத்திலிருந்து கன்னப்பொறி, நடு நெற்றியிலிருந்து இரு கன்னப்பொறி என்று போங்கள்.
– கண்ணைச் சுற்றி மோதிர விரலால் மட்டும், பூவைத் தொடுவது போல.
– தடவலில் தொடங்கித் தடவலிலேயே முடியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

சீழ்ப்பரு, புண், தடிப்பு, வெயில் எரிச்சல், காய்ச்சல் இருந்தால் மசாஜ் செய்யக் கூடாது.

படிக்கப் போகும் பிள்ளைக்கு

தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும் பயிற்சியா என்று கேட்டுச் சேருங்கள். வேலைக்குப் போனபின் உங்களிடம் வரும் பெண், “கலியாணத்துக்கு முந்தி வெள்ளையாக்கி விடுங்க” என்பாள். முதலாளியும் பெயரில்லாத டப்பாவை நீட்டலாம். அப்போது “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்கும் தைரியம்தான் இந்தத் தொழிலின் முதற்பாடம். அவளுடைய முகத்தோடு உங்கள் கையும் சேர்ந்தே தப்பும், ஏனென்றால் அந்தக் கிறீமை நாள் முழுக்கத் தொடுவது நீங்கள்தான்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. எங்கள் வீட்டு அலமாரியில் உள்ள கிறீமில் என்ன சேர்ந்திருக்கிறது?
2. வேலைக்குப் போகும்போது முகத்தை வெயிலிலிருந்து எப்படிக் காக்கிறோம்?
3. “கறுப்பி” என்று ஒரு பிள்ளையை அழைத்தால், அது அவளை எந்தக் கடைக்கு அனுப்பும்?