மக்ரூன் யார் கொடுத்த பண்டம்?

தூத்துக்குடியிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர்கள் பலருடைய கையில் ஒரு மக்ரூன் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியோடு சேர்ந்து சில கதைகளும் ஊர் ஊராகப் போகின்றன. மக்ரூனைப் பற்றியும் இந்தக் கரையின் வேறு தின்பண்டங்கள் பற்றியும் புழங்கும் நம்பிக்கைகளில் எது நிற்கும், எது நொறுங்கும் என்று பார்ப்போம்.

நம்பிக்கை 1: மக்ரூன், போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற ஐந்நூறு ஆண்டுப் பழைய பண்டம்.

உண்மை: போர்த்துக்கீசியர் இங்கே இருந்தது வரலாறு. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் அவர்களுடைய பாதுகாப்பை நாடி கிறிஸ்தவம் தழுவினார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். ஆனால் 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்ததும் போர்த்துக்கீசியர் ஆதிக்கம் முடிந்துபோனது. இன்று மக்ரூனுக்குப் பேர்போன பேக்கரிகளோ 20-ஆம் நூற்றாண்டில் தொடங்கியவை. நடுவே கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன.

இன்னொரு சங்கடமும் உண்டு. போர்ச்சுகலின் புகழ்பெற்ற மடத்து இனிப்புகள் பெரும்பாலும் முட்டையின் மஞ்சள் கருவில் செய்யப்படுபவை. வெள்ளைக் கரு அங்கே துறவியரின் உடைக்குக் கஞ்சி போடப் போனது. மக்ரூனிலோ முட்டையின் வெள்ளைக் கரு மட்டுமே சேரும், மஞ்சள் கரு சேராது. அதன் மூதாதையான பாதாம் மக்ரூன் இத்தாலி, பிரான்ஸ் வழியாகப் பரவி, 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயரின் சமையல் புத்தகங்களில் ஏறிவிட்டது.

அந்த ஆங்கிலேயர் காலத்துத் தூத்துக்குடியைப் பாருங்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குக் கப்பல் விடும் வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் ஓடியதும் இந்தத் தடத்தில்தான். வெள்ளைக்கார அதிகாரிகளும் வணிகர்களும் பயணிகளும் வந்துபோன துறைமுகத்தில் ரொட்டி சுடும் தொழில் வேர்விட இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. மக்ரூனை அந்தத் தொழிலின் பிள்ளையாகப் பார்ப்பதே பொருத்தம்.

நம்பிக்கை 2: பாரிஸ் மக்ரோனும் தூத்துக்குடி மக்ரூனும் ஒன்றுதான்.

உண்மை: முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் இரண்டுக்கும் பொது. அதற்குமேல் வழி பிரிகிறது. பாரிஸ் மக்ரோன், பாதாம் மாவில் செய்த இரண்டு வட்டுகளுக்கு நடுவே கிரீம் வைத்த வண்ணப் பண்டம். அந்த ஜோடி வடிவம் பரவியதே 20-ஆம் நூற்றாண்டில்தான். தூத்துக்குடி மக்ரூனில் வண்ணமும் கிடையாது, கிரீமும் கிடையாது. வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையைச் சேர்த்து, பொடித்த முந்திரியைக் கலக்கிறார்கள். பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி அதில் கலவையை நிரப்பித் தட்டில் சுழித்துப் பிழிகிறார்கள். பிறகு குறைந்த சூட்டில், பெரும்பாலும் இரவு முழுக்க, அடுப்பில் வைக்கிறார்கள். பாதாமின் இடத்தில் முந்திரி உட்கார்ந்ததே இந்த ஊர்க்காரர்கள் செய்த பெரிய மாற்றம்.

நம்பிக்கை 3: முந்திரி நம் மண்ணின் மரம்.

உண்மை: போர்த்துக்கீசியருக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இதுதான். முந்திரியின் தாயகம் பிரேசில். 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் அதை இந்தியாவின் மேற்குக் கரைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுவந்தார்கள். இன்று ஆப்பிரிக்காவில் விளையும் தோலோடு கூடிய முந்திரிக்கொட்டை கன்டெய்னர் கன்டெய்னராக இறங்கும் இந்தியத் துறைமுகங்களில் தூத்துக்குடி முக்கியமானது.

நம்பிக்கை 4: இந்தக் கடல் காற்று பட்டால்தான் மக்ரூனுக்கு அந்த ருசி வரும்.

உண்மை: கடல் காற்று மக்ரூனுக்கு எதிரி. நுரைத்த வெள்ளைக் கருவுக்குள் சர்க்கரை உறைந்து நிற்பதுதான் அதன் மொறுமொறுப்பு. சர்க்கரை ஈரத்தை இழுக்கும். காற்றில் ஈரம் கூடக் கூட மக்ரூன் பிசுபிசுத்துப் போகும். ஈரக் காற்று வீசும் கரையிலிருந்து கொண்டே இதைச் செய்து பெயர் வாங்கியிருக்கிறார்கள் என்றால், காரணம் நுரையின் பதமும் அடுப்பின் நிதானமும் தெரிந்த கைகள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைப்பதே சரி.

நம்பிக்கை 5: கோவில்பட்டி கடலை மிட்டாய், நம் முன்னோர் ஆதிகாலம் தொட்டுத் தின்றது.

உண்மை: இதே மாவட்டத்துக் கோவில்பட்டியின் கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் நிலக்கடலை தென் அமெரிக்கப் பயிர். ஐரோப்பியக் கப்பல்கள் உலகைச் சுற்றத் தொடங்கிய பிறகே இந்தியாவுக்கு வந்தது; தமிழ்நாட்டில் பெரிய பரப்பில் பயிரானது 19-ஆம் நூற்றாண்டில். பழமை எங்கே இருக்கிறது என்றால், பாகில் உருட்டும் முறையில். எள்ளையும் பொரியையும் வெல்லப்பாகில், கருப்பட்டிப்பாகில் உருண்டை பிடிப்பது நெடுங்கால வழக்கம். புதிதாக வந்த கடலை அந்தப் பழைய பாகில் விழுந்தது.

நம்பிக்கை 6: முதலூர் மஸ்கோத்து அல்வா, ஓமன் நாட்டு மஸ்கட்டிலிருந்து நேராக வந்தது.

உண்மை: அரபு நாட்டு அல்வாக்களோடு தூரத்து உறவு இருக்கலாம். ஆனால் நம் பக்கத்து வீடு இலங்கை. அங்கே முஸ்லிம்களின் விருந்துகளில் மஸ்கட் என்ற இனிப்பு இன்றும் உண்டு. இலங்கைக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த கைப்பக்குவம் என்றே சாத்தான்குளம் பக்கத்து முதலூரில் சொல்கிறார்கள். ஊற வைத்த மைதாவைப் பிசைந்து பிழிந்த பாலோடு தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டுவது முதலூர் முறை. நெய் தனியாக ஊற்றுவதில்லை. தேங்காய்ப்பாலில் பிரியும் எண்ணெயே போதும்.

ஆக, தீர்ப்பு இது. முந்திரியையும் கடலையையும் கடல் கடந்து கொண்டுவந்த பெருமை அந்நியக் கப்பல்களுக்கு உரியது. அவற்றைப் பண்டமாக்கிய பெருமை, இரவெல்லாம் அடுப்படியில் நிற்கும் பேக்கரித் தொழிலாளிக்கும், கொதிக்கும் பாகை ஊற்றித் தேய்க்கும் கோவில்பட்டிக்காரருக்கும், முதலூரில் அல்வா கிண்டுகிறவருக்கும் உரியது. அடுத்த முறை யாராவது மக்ரூன் பெட்டியை நீட்டி, "போர்த்துக்கீசியர் கொடுத்தது" என்றால் திருத்துங்கள்: அவர்கள் கொடுத்தது முந்திரி, மக்ரூன் தூத்துக்குடி கொடுத்தது.