கிழிசலில் பிறந்த போர்வை

சேலை கிழிந்து போகிறது. சட்டையின் காலர் நைந்து போகிறது. பிள்ளையின் பாவாடை சின்னதாகி விடுகிறது. இவற்றை என்ன செய்கிறோம்? கொஞ்சம் கரித்துணி ஆகும். கொஞ்சம் தரை துடைக்கப் போகும். மிச்சம் குப்பைக்குப் போகும்.

ஆனால் இந்தத் துணியில் குளிர் தாங்கும் போர்வை தைக்கலாம். நம் நாட்டில் பல இடங்களில் பெண்கள் இதைச் செய்கிறார்கள். வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். பீகாரில் சுஜனி என்பார்கள். கர்நாடகத்தில் கௌதி என்பார்கள். அந்தக் கர்நாடகத்திலேயே ஒரு பகுதி மக்கள் இதைக் கவந்தி என்கிறார்கள். அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

காட்டு ஊர்களில்

கர்நாடகத்தில் உத்தர கன்னடம் என்ற மாவட்டம் இருக்கிறது. மலையும் காடும் நிறைந்த இடம். அங்கே எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். சித்தி என்பது இங்கே உறவுமுறை அல்ல. ஓர் இனத்தின் பெயர்.

இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவில் இருந்து கப்பலில் வந்தவர்கள். சிலர் படைவீரர்களாக வந்தார்கள். பலரைப் போர்த்துக்கீசியர் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டு வந்தார்கள். அங்கிருந்து தப்பியவர்கள் காட்டுக்குள் குடியேறினார்கள். 2003-ஆம் ஆண்டில் இவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். இவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் என மூன்று சமயத்தாரும் உண்டு. மூன்று சமயத்துப் பெண்களும் கவந்தி தைக்கிறார்கள்.

அங்கே மழைக்காலம் கடுமையானது. ஈரமும் குளிரும் சேர்ந்து வரும். கம்பளி வாங்கப் பணம் வேண்டும். கிழிந்த துணிக்குப் பணம் வேண்டாம். ஆகவே பெண்கள் வேலை முடிந்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து தைக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து உட்காருவாள். கை தைக்கும். வாய் பேசும். பாட்டி தைப்பதைப் பேத்தி பார்த்துக் கற்றுக்கொள்வாள்.

எந்த நிறத்துக்கு அருகில் எந்த நிறம்? அதைத் தைப்பவளே முடிவு செய்கிறாள். வயலில் மற்றவர் சொன்ன வேலையைச் செய்கிறாள். இங்கே அவள் நினைத்ததுதான் நடக்கிறது. அதனால்தான் ஒருத்தியின் கவந்தி போல இன்னொருத்தியின் கவந்தி இருப்பதில்லை.

எப்படித் தைப்பது?

முதலில் குழந்தைக்குச் சிறிய போர்வை தைத்துப் பழகலாம். 3 அடி நீளம், 3 அடி அகலம் போதும்.

1. துணிகளை நன்றாகத் துவைத்து வெயிலில் காய வையுங்கள். சாயம் போகும் துணியைச் சேர்க்காதீர்கள். வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அது சாயம் போகும் துணி.

2. துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். மிகவும் நைந்த இடம் பளிச்சென்று தெரியும். அதை நீக்கிவிட்டு, உறுதியான பகுதியை வெட்டி வையுங்கள். பொத்தான், கொக்கி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

3. பழைய பருத்திச் சேலை ஒன்றை அடித்துணியாக விரியுங்கள். போர்வையின் அளவைவிட நான்கு பக்கமும் 1 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்.

4. ஒரு மூலையில் தொடங்குங்கள். அடித்துணியின் ஓரத்தை உள்ளே மடியுங்கள். துண்டுத்துணியின் ஓரத்தையும் மடித்து அதன்மேல் வையுங்கள். ஊசியை உள்ளே விட்டு வெளியே எடுத்து நேராகத் தைத்துக்கொண்டே போங்கள்.

5. அடுத்த துண்டு, முதல் துண்டின்மேல் சிறிது ஏறி இருக்க வேண்டும். இப்படியே ஓரத்தைச் சுற்றி வாருங்கள். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி அடுத்த சுற்று. சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேருங்கள்.

மற்றப் போர்வைகளில் ஓரம் கடைசியில் தைக்கப்படும். கவந்தியில் ஓரம்தான் முதல் வேலை. உள்ளே பஞ்சு வைப்பதும் இல்லை. துணிமேல் துணி வைத்துத் தைப்பதால் கனமும் சூடும் வந்துவிடும்.

நான்கு மூலைகளிலும் மடித்த துணியில் சிறிய பூ வைப்பார்கள். அதற்குப் பூலா என்று பெயர். பூலா இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்று சித்திப் பெண்கள் சொல்வார்கள். நடுப்பகுதி போர்வையின் வயிறு. சிலர் அதை மூடும் முன் சில அரிசி மணிகளை உள்ளே வைப்பார்கள். போர்வையின் வயிறு காலியாக இருக்கக் கூடாதாம்.

கவனம்!

ஊசி கெட்டுப் போனால் குழந்தையின் உடம்பில்தான் குத்தும். எத்தனை ஊசி எடுத்தோம் என்று எண்ணி எழுதி வையுங்கள். முடித்ததும் மறுபடி எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் தேடி எடுக்காமல் போர்வையைக் கொடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் தையுங்கள். இல்லாவிட்டால் கண் சோர்ந்து போகும்.

பழைய துணிதானே?

சித்திப் பெண்களின் கவந்திகள் அமெரிக்காவில் கண்காட்சிகளில்கூட வைக்கப்பட்டன. இப்போது விற்பனைக்கும் தைக்கிறார்கள். பொழுதுபோக்காகத் தைத்ததை நீங்களும் விற்க நேரலாம். அப்போது சிலர் "பழைய துணிதானே?" என்று விலையைக் குறைப்பார்கள். துணி பழையதுதான். உழைப்பு பழையது அல்லவே! எந்த நாளில் எத்தனை மணி நேரம் தைத்தீர்கள் என்று நோட்டில் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கு உங்களுக்காகப் பேசும்.

விற்காவிட்டாலும் நஷ்டம் இல்லை. அப்பாவின் சட்டை, அம்மாவின் சேலை, அக்காவின் பாவாடை மூன்றும் ஒரே போர்வையில் இருக்கும். தனித்தனியாக அவை குளிரைத் தாங்கா. சேர்த்துத் தைத்தால் தாங்கும். அதற்குள் ஒரு குழந்தை நிம்மதியாகத் தூங்கும்.

விடை எழுதுங்கள்

1. சித்தி மக்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்?
2. கவந்தியை எந்த இடத்தில் தொடங்க வேண்டும்? எங்கே முடிக்க வேண்டும்?
3. ஊசிகளை ஏன் எண்ணி வைக்க வேண்டும்?

கணக்குப் போடுங்கள்

ஒரு பெண் நாளுக்கு 1 மணி நேரம் வீதம் 40 நாள் தைத்தாள். ஒரு மணி நேரக் கூலி 50 ரூபாய். நூலுக்கும் ஊசிக்கும் 60 ரூபாய் செலவு. போர்வையின் விலை எவ்வளவுக்குக் குறையக் கூடாது?

கலந்து பேசுங்கள்

உங்கள் வீட்டில் பழைய துணி என்ன ஆகிறது? உங்கள் ஊரில் ஒட்டுப் போர்வை தைக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்களா? அவர்களிடம் கேட்டு வந்து, வகுப்பில் சொல்லுங்கள்.